வீட்டிற்குள் ஒரு வனமரம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

எப்பொழுதோ ஒரு முறை நிகழும் நிகழ்ச்சியை 'அத்தி பூத்தாற் போல' என்று நம் பெரியோர் கூறுவர். நெடுநாள் கழித்து வீட்டிற்கு வரும் உறவினரையும் இப்படிச் சொல்லித்தான் வரவேற்பார்கள். ஆனால் அத்தி பூக்காத மரம் அன்று. அது பூத்துத்தான் காய்க்கிறது. அதன் பூக்கள் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. அத்திக்காய் என்று நாம் அழைக்கும் அந்தச் சிறு உருண்டைக்குள்ளேதான் நூற்றுக்கணக்கான பூக்கள் மறைந்திருக்கின்றன.

கண்ணெதிரே இருந்தும் நாம் அறியாத இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டு முன்னறைகளிலும், வங்கிகளிலும், மருத்துவமனைகளிலும் தடித்துப் பளபளக்கும் இலைகளோடு தொட்டியில் நிற்கிறதே ரப்பர் செடி, அதுவும் ஓர் அத்திதான்! நாற்றுப் பண்ணைகளில் 'ஃபைகஸ்' என்று மட்டும் பெயர் சொல்லி விற்கப்படும் சிறிய இலைச் செடியும் அத்தி இனமே. வனத்தில் வானுயர வளர வேண்டிய இம்மரத்தை வீட்டிற்குள் எப்படி வாழவைப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம். நான் செய்த ஒரு தவற்றினால்தான் இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டேன். ஆகவே அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அத்தியின் பெருங்குடும்பம்

ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகிய யாவும் 'ஃபைகஸ்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உலகில் இப்பேரினத்தில் 800-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பலாவும் முசுக்கொட்டையும் இவற்றிற்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிவது இக்குடும்பத்தின் பொது அடையாளம்.

நம் ஊர்ப்பக்கம் இம்மரங்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் பெயரே வடபத்ரசாயி. வடம் என்றால் ஆல், பத்ரம் என்றால் இலை. ஆலிலையில் துயில்பவர் என்பது பொருள். பதினொரு நிலை கொண்ட அக்கோயிலின் கோபுரத்தை இராஜபாளையத்திலிருந்து பேருந்தில் வரும்போது தொலைவிலிருந்தே பார்க்கலாம். மேற்கே திரும்பினால் மலை. அங்கே 1988-ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்களுக்கென்று ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டு அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. காட்டில் மற்ற மரங்கள் காய்க்காத காலத்திலும் ஏதேனும் ஓர் அத்தி வகை பழுத்திருக்கும். அணில், குரங்கு, பறவை எல்லாவற்றிற்கும் அது சத்திரம் போல் சோறிடுகிறது.

நமது விவிலியத்திலும் அத்தி அடிக்கடி வருகிறது. ஆதாமும் ஏவாளும் ஆடையாகத் தைத்துக்கொண்டது அத்தி இலைகளை. நத்தனயேல் இருந்தது அத்தி மரத்தின் கீழ். குள்ளமான சக்கேயு ஆண்டவரைக் காண ஏறியது ஒரு காட்டத்தி மரம். காய்க்காத அத்தி மரத்தைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் கூறுகிறேன்.

இனி, மறைந்திருக்கும் பூவிற்கு வருவோம். அத்திக்காயின் நுனியில் ஊசித் துளை போன்ற வாசல் ஒன்று இருக்கிறது. அதன் வழியாகக் கொசுவினும் சிறிய ஒரு குளவி உள்ளே நுழைகிறது. வாசல் மிகவும் குறுகலாதலால் நுழையும்போதே பெரும்பாலும் அதன் சிறகுகள் ஒடிந்துவிடும். உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே அது மடிகிறது. அதன் குஞ்சுகளில் பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியேறி வேறொரு காயைத் தேடிச் செல்கின்றன. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்னும் பழமொழி இதனால்தான் தோன்றியிருக்கவேண்டும். அது சொத்தையன்று, ஒரு குளவிக் குடும்பத்தின் தொட்டில்! பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி வகைக்கும் தனக்கென ஒரு குளவி இனம் உண்டு. அந்தக் குளவி இல்லாவிட்டால் விதை பிடிக்காது. வீட்டிற்குள் வளரும் ரப்பர் செடி காய்ப்பதும் மிக அரிது. நாம் அதை இலைக்காகவே வளர்க்கிறோம்.

காட்டு மரம் தொட்டியில் வாழ்வது எப்படி?

ரப்பர் செடியின் பிறப்பிடம் அசாம், மேகாலயா முதலிய வடகிழக்குப் பகுதிகளும் அவற்றிற்கு அப்பாலுள்ள மியான்மர், மலேசியா நாடுகளும் ஆகும். அங்கே இது 100 அடி உயரம் வளரும். மேகாலயாவில் காசி இன மக்கள் இதன் விழுதுகளை ஓடையின் குறுக்கே வழிப்படுத்தி, உயிருள்ள வேர்ப்பாலங்களை அமைக்கிறார்கள். முற்காலத்தில் இதன் பாலிலிருந்து ரப்பர் எடுத்ததால் இப்பெயர் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் இயற்கை ரப்பர் அமேசான் காடுகளைத் தாயகமாகக் கொண்ட வேறொரு மரத்தினுடையது.

இவ்வளவு பெரிய மரம் ஒரு தொட்டிக்குள் எப்படி அடங்குகிறது என்று நீங்கள் கேட்கலாம். அத்தி இனத்தில் பல, தரையில் பிறப்பதில்லை. பறவையின் எச்சத்தோடு விழுந்த விதை, வேறொரு மரத்தின் கவட்டில் முளைக்கும். அங்கே ஒரு பிடி மட்கிய இலைதான் மண். மேலே கிளைகளின் நிழல். மழை பெய்தால் நீர் கிடைக்கும், நின்றால் உடனே வடிந்து காய்ந்துவிடும். பழைய மதில்களிலும் கிணற்றுச் சுவர்களிலும் அரசங்கன்று முளைத்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே திறமைதான் இது. குறைந்த மண், வடிகட்டிய வெளிச்சம், நனைந்து காயும் வேர் ஆகியவை இதன் இளமைப் பழக்கம். இந்த மூன்றையும் நினைவில் வைத்தால் வளர்ப்பு முறை முழுவதும் தானே விளங்கிவிடும். இவற்றை மறந்ததால்தான் நான் இடறினேன்.

நான் செய்த தவறு

நம் பள்ளியின் பார்வையாளர் அறையில், கிழக்குச் சன்னலருகே ஒரு ரப்பர் செடி இருப்பதை எல்லாரும் அறிவீர்கள். முன்னர்ப் படித்த அக்காமார் தங்கள் பிரிவு விழாவன்று அன்பளிப்பாகக் கொடுத்தது அது. சென்ற ஆண்டு, நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அதைக் கவனிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. செப்டம்பர் 8, அன்னையின் பிறந்தநாள் திருவிழாவிற்குப் பீடத்தை அலங்கரிக்க அதைத் தூக்கிச் சென்றோம். விழா முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து, வசதிக்காக அறையின் உள்மூலையில் வைத்துவிட்டோம்.

ஒரு வாரத்தில் இலைகள் உதிரத் தொடங்கின. செடிக்குத் தாகம் என்று நான் நினைத்தேன். காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை ஊற்றினேன். இன்னும் உதிர்ந்தது. இன்னும் ஊற்றினேன். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 32 இலைகளில் 9 மட்டுமே எஞ்சியிருந்தன. "இதை எடுத்துவிட்டு வேறு செடி வைத்துவிடலாமா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ சரியாகக் கவனிக்கவில்லை என்றே எல்லாரும் எண்ணிக்கொள்ளட்டும் என்று வாய்மூடி நின்றேன்.

தோட்டக்காரத் தாத்தாதான் வந்து தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு வெளியே எடுத்தார். சாக்கடை நாற்றம் வீசியது. வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. "பாப்பா, இதுக்குத் தாகமில்லே. மூச்சு முட்டுது" என்றார். வேரும் சுவாசிக்கிறது என்று அறிவியல் வகுப்பில் படித்துத்தான் இருந்தேன். மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்று அதற்கு வேண்டும். அந்த இடத்தையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே நீருக்கு நடுவிலேயே செடி வாடுகிறது. வாட்டத்தைக் கண்டு நாம் மேலும் ஊற்றுகிறோம். முதலில் இலை உதிர்ந்தது இடம் மாறியதால். பிறகு உதிர்ந்தது என் கையால்.

அன்று மாலையே சிஸ்டரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. "இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம். ஆனால் இனி என்ன செய்யப்போகிறாய் என்று தெரிந்துகொண்டு செய்" என்றார்கள். தாத்தாவிடமும் புத்தகங்களிலும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

வளர்க்கும் முறை

இடம்: நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சி வெயில் நேரே படக்கூடாது. கிழக்குப் பார்த்த சன்னலுக்கு இரண்டு மூன்று அடிக்குள் வைப்பது சிறந்தது. இருட்டு மூலையில் வைத்தால் இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடி, தண்டு மெலிந்து நீளும். இருட்டில் இருந்ததைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை கருகும். இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால் நாளுக்குக் கொஞ்சமாக மாற்றவேண்டும். சிறிய இலை ஃபைகஸ் இதில் மிகவும் ரோஷமுள்ளது. இடம் மாறினால் பச்சை இலைகளையே கொட்டிவிடும். அதைக் கண்டு அஞ்சாமல் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் மீண்டும் தளிர்க்கும். குளிர்சாதனக் கருவியின் காற்று நேரே படும் இடமும் ஆகாது.

தொட்டியும் மண்ணும்: தொட்டியின் அடியில் துளை கட்டாயம் இருக்கவேண்டும். துளையின்மேல் ஓர் உடைந்த ஓட்டுத் துண்டைக் கவிழ்த்து வைத்தால் மண் அடைக்காது, நீர் வடியும். நம் மாவட்டத்துக் கரிசல் மண் பருத்திக்கு நல்லது. ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். அந்தக் குணமே தொட்டிக்கு ஆகாது. செம்மண், மணல், நன்கு மட்கிய தொழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்துகொள்ளலாம். சிறு செடிக்குப் பெரிய தொட்டி கொடுப்பதும் தவறே. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும்.

நீர்: கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்திற்கு மண்ணில் செலுத்திப் பாருங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக நீர் வடியும் வரை நன்றாக ஊற்றுங்கள். சிறிது சிறிதாகத் தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும். கீழ்த்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடவேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். ஆடிக் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும்போது சன்னலோரச் செடி விரைவில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாளானாலும் மண் காயாமல் இருக்கும். ஆகையால் எல்லா மாதத்திற்கும் ஒரே கணக்கு உதவாது.

இலை: இலையில் தூசி படிந்தால் வெளிச்சம் குறைகிறது, இலை சமைக்கும் உணவும் குறைகிறது. வாரம் ஒரு முறை ஈரத்துணியால், இலையின் அடியில் ஒரு கையைத் தாங்கலாக வைத்து, மெதுவாகத் துடைக்கவேண்டும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவோர் உண்டு. அது தூசியை ஒட்டவைத்து, இலைத் துளைகளையும் அடைக்கும். தண்ணீரே போதும்.

உரம்: வளரும் காலத்தில் மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. நோயுற்ற செடிக்கு உரம் இடக்கூடாது. காய்ச்சலில் கிடப்பவருக்கு விருந்து வைப்பது போலாகும் அது. புது வேர் பிடித்துத் தளிர் விட்ட பின்னரே இடவேண்டும்.

பூச்சி: பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாகத் தெரிவது மாவுப்பூச்சி. பழுப்புப் பொட்டு போல் தண்டில் ஒட்டியிருப்பது செதில் பூச்சி. முதலில் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இலையின் இருபுறமும் தெளிக்கலாம்.

கவாத்து: மிக உயரமாக வளர்ந்தால் கணுவிற்கு மேலே கத்தரித்துவிடலாம். பக்கக் கிளைகள் வரும். வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். கண்ணில் படவே கூடாது. கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். தவழும் குழந்தைகளும் வளர்ப்பு நாய்களும் இலையைக் கடிக்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சற்றே பெரிய தொட்டிக்கு மாற்றி, மண்ணைப் புதுப்பிப்பது நல்லது.

புதுச்செடி: தண்டில் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, பாலைத் துடைத்து, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றிக் கட்டவேண்டும். இதற்கு விண்பதியம் என்று பெயர். ஓரிரு மாதங்களில் வேர் வெள்ளையாகத் தெரியும். அதற்குக் கீழே வெட்டி நட்டுவிடலாம்.

இலைகளின் மொழி

செடிக்கு வாய் இல்லை. இலைதான் அதன் வாய். மண் ஈரமாயிருக்கும்போது அடி இலைகள் மஞ்சளானால் நீர் மிகுதி. மண் காய்ந்து, இலை ஓரம் மொறுமொறுப்பாகப் பழுத்தால் நீர் குறைவு. வெயில் படும் பக்கத்தில் மட்டும் பழுப்புத் திட்டு இருந்தால் வெயில் மிகுதி. இலைகள் வெளிறி, இடைவெளி விட்டுத் தோன்றினால் வெளிச்சம் போதவில்லை. அடியில் ஒன்றிரண்டு கிழ இலைகள் எப்பொழுதாவது உதிர்வது இயற்கை. அதற்குக் கவலை வேண்டா.

இரண்டு தவறான எண்ணங்களையும் இங்கே சொல்லவேண்டும். அறையில் செடி வைத்தால் காற்று முழுவதும் சுத்தமாகிவிடும் என்பது ஒன்று. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் நடத்திய ஆய்வு மூடிய சிறு கூண்டுகளில் நடந்தது. சாதாரண வீட்டில் ஓரிரு செடியால் அவ்வளவு பயன் இல்லை. சன்னலைத் திறப்பதே மேல். தொட்டியில் பெரிதாகிவிட்ட செடியை வீட்டுச் சுவரோரம் நட்டுவிடலாம் என்பது மற்றொன்று. அதன் வேர் சுவரையும் தரையையும் பிளந்துவிடும். கட்டடத்திற்கும் கிணற்றிற்கும் வெகு தொலைவில், திறந்த வெளியில்தான் நடவேண்டும்.

முடிவுரை

தாத்தா அன்று அழுகிய வேர்களை நறுக்கிவிட்டு, செடியைச் சிறிய மண்தொட்டிக்கு மாற்றிப் பழைய சன்னலருகே வைத்தார். நான் தினமும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். பெரும்பாலான நாட்களில் ஊற்றாமல் திரும்பினேன். சும்மா இருப்பது இவ்வளவு கடினம் என்று அதற்குமுன் நான் அறியேன். அக்டோபரில் மேலும் இரண்டு இலைகள் விழுந்தன. நவம்பர் முழுவதும் ஒரு மாற்றமும் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில், நுனியில் சிவந்த கூர்மையான உறை ஒன்று தோன்றியது. சில நாட்களில் அந்த உறை கழன்று விழ, சுருண்டிருந்த புது இலை விரிந்தது. இன்று அதில் 15 இலைகள் இருக்கின்றன. இன்னும் பழைய எழில் வரவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறது.

இப்பொழுது அந்த உவமைக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளாகக் கனி தராத அத்தி மரத்தை வெட்டிவிடச் சொன்னார் தலைவர். தோட்டத் தொழிலாளி இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்டான். மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டபோதெல்லாம் அவனுடைய இரக்கத்தை மட்டுமே நான் கவனித்தேன். அவன் தவணை மட்டும் கேட்கவில்லை; சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகவும் சொன்னான் என்பது இப்பொழுதுதான் மனத்தில் படுகிறது. அந்த மரத்திற்கு என்ன தேவை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் அன்பு இருந்தது, அறிவு இல்லை. குடம் குடமாக ஊற்றுவது அன்பு ஆகாது. எதற்கு என்ன வேண்டும் என்று பொறுமையோடு கேட்டறிந்து செய்வதே அன்பு.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் இலை வாடிய செடி ஒன்று இருக்கலாம். அதைத் தூக்கி எறியுமுன், விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். பார்வையாளர் அறைக்கு வரும்போது நம் அக்காமார் தந்த செடியையும் பார்த்துச் செல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து யாரும் தண்ணீர் ஊற்றாதீர்கள்!